நூறு ரிங்கிட் அபராதம் பழைய கதை

"இணையத்தில் கேலி செய்தால் நம் நாட்டில் நூறு ரிங்கிட் அபராதம்தான். போலீசுக்குப் போய்ப் பயனில்லை, செய்திகளை அழித்துவிட்டு மகளின் கணக்கை மூடிவிடுங்கள்" என்று, முதலாம் படிவத்தில் (13 வயது) படிக்கும் மகளை இணையத்தில் கேலி செய்கிறார்கள் எனக் கேட்ட பெற்றோருக்கு மேலே ஒருவர் பதில் எழுதியிருக்கிறார். பாதி காலாவதியான தகவல், மீதி ஆபத்தான ஆலோசனை.

2024 ஜூலையில் கோலாலம்பூரில், இணையத்தில் துன்புறுத்தப்பட்ட டிக்டாக் பிரபலம் ஏஷா இறந்தபின் ஒருவருக்கு 100 ரிங்கிட் அபராதம் விதிக்கப்பட்டது உண்மை. அது 1955ஆம் ஆண்டுச் சிறு குற்றச் சட்டத்தின் உச்சவரம்பு. அப்போது எழுந்த கொதிப்புக்குப் பிறகுதான் தண்டனைச் சட்டத்தில் 507பி முதல் 507ஜி வரை புதிய பிரிவுகள் சேர்க்கப்பட்டன. 2025 ஜூலை 11 முதல் அவை நடப்பில் உள்ளன. மனவேதனை தரும் நோக்கத்துடன் மிரட்டினாலோ இழிவாகப் பேசினாலோ மூன்றாண்டு வரை சிறை. துன்புறுத்துவதற்காக ஒருவரின் அடையாள விவரங்களைப் பரப்புவதும் குற்றம்.

துன்புறுத்துவதும் முதலாம் படிவ மாணவர் என்றால் வழி வேறு. 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டப்படி சிறார் நீதிமன்றம் இருக்கிறது. ஆனாலும் பெரும்பாலும் வகுப்பாசிரியர், பள்ளி ஆலோசகரிடமிருந்து தொடங்குவதே நல்லது. அவர்களும் முதலில் கேட்பது ஆதாரத்தைத்தான். கணக்குப் பெயர், தேதி, இணைப்பு தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அந்தக் கணக்கைத் தடை செய்வது அதற்குப் பிறகு. அழித்துவிட்டால் எதைக் காட்டுவீர்கள்?

கணக்கை மூடினாலும் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் கேலி தொடரும், அவளுக்குத் தெரியாமல். சொன்னதற்குத் தண்டனையாகக் கைப்பேசி பறிபோனால், அடுத்தமுறை எந்தப் பிள்ளை வாய் திறக்கும்? பிள்ளை மிகவும் உடைந்திருந்தால் அரசின் உதவித் தொலைபேசிச் சேவையான தாலியான் காசே 15999 எண்ணை இரவிலும் அழைக்கலாம்.