காளையார்கோவில் ‘தேசியப் பூங்கா’: பரவும் செய்தி பொய்

“1801 மருது பாண்டியர் போர் நடந்த காளையார்கோவில் காடு தேசியப் பூங்கா ஆகிவிட்டது; சுற்றிலும் 10 கிலோமீட்டருக்கு நிலம் விற்க முடியாது” என்று காரைக்குடி, தேவகோட்டை வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. அப்படி எதுவும் இல்லை. தமிழ்நாட்டின் தேசியப் பூங்காக்கள் கிண்டி, முதுமலை, முக்குருத்தி, ஆனைமலை, மன்னார் வளைகுடா ஆகியவைதான். சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் இருக்கிறது. அது வேறு வகை.

போர் நடந்தது உண்மை. சிறுவயலிலிருந்து காட்டை வெட்டி வழிபோட முயன்ற ஆங்கிலேயக் கும்பெனிப் படை, ஒரு மாதம் பாடுபட்டுக் கைவிட்டது. ஆனால் போர் வரலாறு மட்டும் தேசியப் பூங்காவுக்குக் காரணமாகாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 35ஆம் பிரிவு பார்ப்பது காட்டுயிரையும் இயற்கையையும். அமெரிக்காவில் கெட்டிஸ்பர்க் போர்க்களம் தேசியப் பூங்காத் துறையிடம் இருக்கிறது. அந்த ஊர் வழக்கம் இங்கே சட்டமாகாது.

ஒரே இரவில் அறிவிக்கவும் முடியாது. முதலில் அரசிதழில் உத்தேச அறிவிப்பு. பிறகு கலெக்டர் ஊர் ஊராகத் தமிழில் அறிவிப்புச் செய்து, உரிமை கோர இரண்டு மாதம் தரவேண்டும். உரிமைகள் தீர்க்கப்பட்ட பிறகே இறுதி அறிவிப்பு.

ஓர் இடம் மத்தியத் தொல்லியல் துறை பாதுகாக்கும் சின்னம் என்றால்கூட 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது, அடுத்த 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும். விற்பனைக்குத் தடை இல்லை.

அரசிதழ் எண்ணும் தேதியும் இல்லாத ஃபார்வர்டை அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். சந்தேகமா? காளையார்கோவில் தாலுகா ஆபீஸில் கேளுங்கள். பதற்றத்தில் அடிமாட்டு விலைக்குக் கிரயம் பேசிவிடாதீர்கள்.