கையுறை போட்டால் கை கழுவ வேண்டாமா?

பினாங்கில் நம் குடும்பப் புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் ஒரு குரல்பதிவு சுற்றுகிறது: "தாதி கையுறை போட்டிருந்தால் போதும், கை கழுவத் தேவையில்லை." தவறு. கையுறையில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கலாம். கழற்றும்போதும் கிருமி விரலில் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் போடும் முன்பும் கழற்றிய பின்பும் கையைச் சுத்தம் செய்யச் சொல்கிறார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு: ஆல்கஹால் திரவம் என்றால் 20 முதல் 30 நொடி, சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 நொடி. ஒரே கையுறையோடு அடுத்த கட்டிலுக்குப் போவதும் கூடாது. (உலகத்துக்கே கையுறை செய்து அனுப்பும் நாட்டில் இந்தக் குழப்பம்!) அப்புறம், சி. டிஃபிசில் வயிற்றுப்போக்குக் கிருமியின் வித்துகளை ஆல்கஹால் கொல்லாது. அங்கே சோப்பு போட்டுக் கழுவத்தான் வேண்டும். வார்டில் அம்மாவைப் பார்க்கப் போனால், தாதியிடம் "மிஸ்ஸி, கை கழுவிட்டீங்களா?" என்று தயங்காமல் கேட்கலாம்.