சான்று கேட்டால் வெள்ளைக்காரனுக்கு அடிமையா?

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அந்த வீடியோ எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் சுற்றுகிறது. நான் எழுந்து கேட்பதும், மைக் அணைவதும், அரங்கம் கைதட்டுவதும் மட்டும் அதில் இருக்கின்றன. கேள்வி என்ன என்பது இல்லை. இதுதான் கேள்வி: பிதாகரஸ் இங்கே வந்து படித்தார், கிரேக்கத் தத்துவம் முழுக்க நம்மிடம் திருடியது என்கிறீர்களே, சான்று என்ன?

"இவரைப் போன்ற வெள்ளைக்கார அடிமைகள்" என்று பதில் வந்தது. அந்தச் சொல் வலித்தது. மறைக்க விரும்பவில்லை.

நான் சொல்வது இதுதான். கிரேக்கரும் இந்தியரும் சந்தித்தார்கள், பேசினார்கள், ஒருவரிடம் ஒருவர் எடுத்துக்கொண்டார்கள். அதற்குக் கல்லிலேயே சான்று உண்டு. திருட்டுக்குத்தான் சான்று இல்லை.

கி.மு. 326-இல் அலெக்சாந்தர் தட்சசீலத்தில் இருந்தபோது, ஆடை துறந்த துறவிகளிடம் தன்னோடு வந்த ஒனெசிக்ரிட்டோஸ் என்ற கிரேக்கரை அனுப்பினார். மூன்று மொழிபெயர்ப்பாளர்களை வைத்துக்கொண்டு பேச்சு நடந்தது. இப்படித் தத்துவம் பேசுவது, சேற்றின் வழியே தெளிந்த தண்ணீர் வரும் என்று எதிர்பார்ப்பது போல என்று மூத்த துறவி சொன்னதாக ஸ்ட்ராபோ என்ற பழைய கிரேக்க நிலவியல் அறிஞர் எழுதிவைத்திருக்கிறார். இதைப் படிக்கும்போதெல்லாம் அந்த மனிதர் என் எதிரே உட்கார்ந்திருப்பது போல இருக்கும். அந்தப் படையோடு வந்த பிர்ரோன்தான் பிறகு கிரேக்க ஐயவாதத்தின், அதாவது எதையும் உறுதியாகச் சொல்லிவிட முடியாது என்ற தத்துவத்தின், தந்தை ஆனார். நம் துறவிகளோடு பழகியது அவர் சிந்தனையை மாற்றியது என்று, தத்துவஞானிகளின் வாழ்க்கையை எழுதிய டயோஜெனிஸ் லயேர்டியஸ் சொல்கிறார். இவ்வளவு இருக்கும்போது பிதாகரஸை ஏன் பிடித்து இழுக்க வேண்டும்?

"பிதாகரஸ் மறுபிறப்பைச் சொல்லவில்லையா? உயிரை விளக்க பிளேட்டோ சொன்ன தேரும் குதிரைகளும் கட உபநிடதத்தில் இல்லையா?" என்பீர்கள். இருக்கின்றன. முதலில் படித்தபோது எனக்கும் சிலிர்த்தது. ஆனால் ஒற்றுமை வேறு, சான்று வேறு. பாரசீகப் பேரரசின் ஒரு முனையில் கிரேக்க ஊர்கள், மறுமுனையில் காந்தாரம். பாரசீக மன்னர் டேரியஸ் அனுப்பிய ஸ்கைலாக்ஸ் என்ற மாலுமி சிந்து நதி வழியே கடலுக்குப் போனதாக கிரேக்க வரலாற்றாசிரியர் எரோடோட்டஸ் எழுதுகிறார். ஆக, பாதை இருந்தது. பாதை இருந்தது என்பதற்காக பிதாகரஸ் அதில் நடந்தார் என்று ஆகிவிடாது. அவரை இந்தியாவோடு முடிச்சுப் போட்டவர்கள் எல்லாம் பல நூற்றாண்டு பிந்தியவர்கள்.

அப்புறம், நாம் வாங்கியதைச் சொல்ல ஏன் இவ்வளவு கூச்சம்? என் தாத்தா ஊருக்கே ஜாதகம் பார்த்தவர். கேந்திரம், ஓரை என்ற சொற்கள் எங்கள் திண்ணையில் தினமும் புழங்கும். அவை கென்ட்ரோன், ஹோரா என்ற கிரேக்கச் சொற்களிலிருந்து வந்தவை என்று கல்லூரியில் படித்துவிட்டு, பயந்துகொண்டேதான் அவரிடம் சொன்னேன். பஞ்சாங்கத்தை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அப்போ அவங்களும் நம்மள மாதிரி ராத்திரி முழிச்சு வானத்தப் பாத்திருக்காங்க" என்றார். முகத்தில் அவ்வளவு சந்தோஷம். யவனர்கள், அதாவது கிரேக்கர்கள், மிலேச்சர்கள்தான் (அந்நியர்கள்தான்), ஆனாலும் இந்தச் சாத்திரத்தில் தேர்ந்தவர்கள் என்பதால் ரிஷிகளைப் போல மதிக்கப்படுகிறார்கள் என்று 6-ஆம் நூற்றாண்டிலேயே சோதிட, வானியல் அறிஞர் வராகமிகிரர் எழுதினார். அவரையும் அடிமை என்பீர்களா? என் தாத்தாவை?

வெள்ளைக்காரன் எழுதிய வரலாறு என்று ஒரு கமெண்ட். இந்தியாவில் நல்லதெல்லாம் கிரேக்கன் கொடுத்தது என்று எழுதிய வெள்ளையர்கள் இருந்தார்கள், உண்மை. எனக்கும் அதில் கோபம் உண்டு. அதற்காக இங்கே நட்டிருக்கும் கல்லைப் பொய் என்று சொல்ல முடியுமா? விதிஷா பக்கத்தில் பெஸ்நகரில் ஹெலியோடோரஸ் என்ற கிரேக்கத் தூதன் வாசுதேவனுக்குக் கருடத் தூண் நிறுத்தி, தன்னைப் பாகவதன் என்று பொறித்திருக்கிறான். ஆப்கானிஸ்தானின் கந்தகாரில் 1958-இல் கிடைத்த அசோகன் கல்வெட்டில் ஒரு பகுதி கிரேக்கத்தில் இருக்கிறது. தம்மம் என்பதற்கு எயுசெபெயா (பக்தி) என்று அவர்கள் சொல்லையே தேடிப் போட்டிருக்கிறார்கள். ஒரு சொல்லைக் கடத்த எவ்வளவு யோசித்திருப்பார்கள்! இந்த உழைப்பையெல்லாம் "திருட்டு" என்ற ஒரே வார்த்தையில் அழித்துவிட்டீர்களே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மைக்கை அணைத்தது கூடப் பரவாயில்லை. முன்வரிசையில் பள்ளிப் பிள்ளைகள் உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள். நாளை வேறு ஊரில் யாராவது சான்று கேட்டால் அந்தப் பிள்ளைகள் என்ன சொல்வார்கள்?

ஏற்பாட்டாளர்களில் இரண்டு பேர் என் வீட்டில் சாப்பிட்டவர்கள். அவர்களாவது "அவர் கேட்டு முடிக்கட்டும்" என்று சொல்லியிருக்கலாம்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கும் வருவேன். அசோகனின் 13-ஆம் பாறைக் கல்வெட்டைத் தமிழில் எழுதி எடுத்து வருகிறேன். அதில் ஐந்து யவன அரசர்களின் பெயர்களும், அவற்றை அடுத்தே சோழர், பாண்டியர் பெயர்களும் வருகின்றன. அந்தப் பிள்ளைகளுக்கு அதை வாசித்துக் காட்ட ஐந்து நிமிடம் கொடுங்கள். மைக் வேண்டாம்.