ரோஸே கலப்பட வைனா?

‘சிவப்பு வைனில் வெள்ளை வைனைக் கலந்தால் ரோஸே எனும் இளஞ்சிவப்பு வைன்’ என்று ஒரு தகவல் சுற்றிவருகிறது. தவறு. நிறம் கருந்திராட்சையின் தோலில் இருக்கிறது. பெரும்பாலான ரகங்களில் சாறு நிறமற்றதுதான். பிழிந்த சாற்றைத் தோலோடு சில மணி நேரம் மட்டும் ஊறவிட்டு வடித்தால் இளஞ்சிவப்பு. பிரான்ஸின் ப்ரொவான்ஸ் ரோஸே வெளிறியிருப்பதும், ரோன் பகுதியின் தவெல் ரோஸே அடர்ந்திருப்பதும் பெரும்பாலும் இந்த ஊறலைப் பொறுத்தவை. (எனக்குத் தவெல்தான் பிடிக்கும், வெளிறியதே உயர்ந்தது என்பது வெறும் மோஸ்தர்.)

சாதாரண ரோஸேயைக் கலந்து தயாரிக்க அனுமதிக்கும் திட்டம் ஐரோப்பிய ஆணையத்திடம் இருந்தது. பிரெஞ்சு, இத்தாலியத் தயாரிப்பாளர்கள் கொதித்தெழ, 2009 ஜூனில் அதைக் கைவிட்டது. வதந்தியில் உண்மை ஒரு துளி உண்டு: ஷாம்பெயின் ரோஸேயில் சிவப்பு வைன் சேர்ப்பது சட்டப்படி சரி, வழக்கமும்கூட.