புது லென்ஸா? முதலில் வீட்டைச் சுற்றுங்கள்

புது லென்ஸ் கைக்கு வந்ததும் மலைக்கும் கடலுக்கும் கிளம்புகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. அழகான இடத்தில் எதில் எடுத்தாலும் படம் நன்றாகத்தான் வரும். அதில் லென்ஸின் பங்கு எவ்வளவு, இடத்தின் பங்கு எவ்வளவு என்று எப்படிப் பிரிப்பது? தினமும் பார்க்கிற ஜன்னல் கம்பியையும் துணிக்கொடியையும் எடுத்தால் அந்தக் குழப்பமே இல்லை.

இப்போது என் கேமராவில் இருப்பது 50 எம்எம் எஃப்/1.8 லென்ஸ். எம்எம் கூடக் கூடக் காட்சி இறுகும்; எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அகலமாகத் திறக்கும். படம் பதிகிற சென்சார் ஏபிஎஸ்-சி என்கிற சிறிய அளவு என்பதால், பெரிய ஃபுல் ஃபிரேம் சென்சாரில் 75 எம்எம் மாட்டிய மாதிரி காட்சி இறுகிவிடும். கணக்காகப் படிக்கும்போது இது உறைக்காது. அறைக்குள் ஒருவரை முழு உருவமாக எடுக்கப் பின்னால் போய்ப் போய், முதுகு சுவரில் முட்டும்போது உறைக்கும்.

வெளிச்சத்தில் மட்டும் தாராளம். கேமராவோடு சேர்ந்து வரும் கிட் லென்ஸ் 55 எம்எம்மில் எஃப்/5.6-க்கு மேல் திறக்காது. என் எஃப்/1.8 லென்ஸ் அதைவிடக் கிட்டத்தட்ட 10 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்குக் கேமரா காட்டும் உணர்திறன்) 6400 கேட்ட இருட்டு மூலைக்கு இப்போது 640 போதும்.

ஆனால் அந்த எஃப்/1.8-ஐயே பிடித்துக்கொண்டு தொங்குவது எனக்குப் பிடிப்பதில்லை. அரை மீட்டரில் பூனை படுத்திருக்கிறது என்று வையுங்கள். தெளிவாக விழும் ஆழம் ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. மூக்கில் ஃபோகஸ் விழுந்தால் கண் போச்சு. எஃப்/8 வரை மூடினால்தான் மூக்கும் கண்ணும் சேர்ந்து கிடைக்கும். (அதற்குள் பூனை எழுந்து போய்விடும், அது வேறு கதை.) பின்னணியைக் கரைத்துவிட்டால் படம் ஆகிவிடுமா என்ன?

சரி, தெருவுக்கு வருவோம். வெளுத்த வானத்துக்கு எதிரே இலையில்லாத கிளையை முழுசாகத் திறந்து எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். விளிம்பில் ஊதா நிறம் ஓடினால் அது லென்ஸின் குணம். இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப்புக்கு வெளிச்சம் பாதியாகும்) மூடினால் பெரும்பாலும் அடங்கும்.

இருட்டிய பிறகு தெருவிளக்கு. கேமராவை மதில்மேல் வைத்து எஃப்/16-இல் எடுத்தால் விளக்கைச் சுற்றி நட்சத்திரக் கதிர்கள் வரும். லென்ஸுக்குள் திறந்து மூடுகிற துளையான அப்பெர்ச்சரில் 7 தகடு இருந்தால் 14 கதிர். 8 இருந்தால் 8தான். ஒற்றைப்படைக்கு மட்டும் இரட்டிப்பு. என்ன, எஃப்/16-இல் படத்தின் கூர்மை கொஞ்சம் மழுங்கும். அதனால் எஃப்/11-இல் ஒன்று, எஃப்/8-இல் ஒன்று எடுத்து, கதிர் எதில் மங்குகிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். போகிறவர்கள் “விளக்கையா எடுக்கிறீங்க?” என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிட வேண்டியதுதான்.