காளைக்கும் பாதி மார்க் உண்டு
ரோடியோ என்ற குதிரை, காளைச் சவாரித் திருவிழாவைப் பற்றிய இந்தக் கட்டுரையில், துள்ளும் காளை மேல் "எட்டு விநாடி விழாமல் உட்கார்ந்தால் போதும், பரிசு" என்று இருப்பது பாதிதான் சரி, எட்டு விநாடி தாண்டினால்தான் மார்க்கே போடுவார்கள், அதிலும் 100-ல் பாதி காளை எப்படித் துள்ளியது என்பதற்கு. ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில்லில் இருந்து கேரவனை (காருக்குப் பின்னால் கட்டி இழுக்கும் வீட்டு வண்டி) இழுத்துக்கொண்டு சுமார் 900 கிலோமீட்டர், மூன்று நாள் ஓட்டி மவுண்ட் ஐசா ரோடியோ பார்க்கப் போனோம், 1959 முதல் நடக்கிறது. ஒரு பையன் காளை மேல் கட்டிய கயிற்றைக் கையுறையோடு சேர்த்து முஷ்டியால் குத்திக் குத்தி இறுக்கிக்கொண்டு ஏறினான், விழவும் இல்லை, ஆனால் காளை சோம்பேறி, மார்க் குறைவு, தொப்பியைக் கழற்றிச் செம்மண்ணில் அடித்தான் பாவம். அப்புறம், மேலே கருத்து எழுதிய ஒருவர் கேரவனுக்குள் வெந்துபோவோம் என்கிறார், ஆகஸ்ட் அங்கே குளிர்காலம், இரவில் எங்களுக்கு இரண்டு போர்வையே பத்தவில்லை.