லினக்ஸுக்கும் ஒரு கடைத் தம்பி வேண்டும்

வெள்ளவத்தையில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு 68 வயது. ஓய்வுபெற்ற ஆசிரியை. கனடாவில் இருக்கும் மகன் 2015இல் வாங்கிக் கொடுத்த லப்டொப்பைத்தான் இன்றுவரை பாவிக்கிறார். 2025 ஒக்டோபர் 14 நெருங்க நெருங்க, விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிகிறது என்று திரையில் அறிவிப்பு வந்துகொண்டே இருந்தது. சரி, 11 போடலாம் என்றால் அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும். இன்டெல் என்றால் அநேகமாக 8ஆம் தலைமுறை ப்ரொசெசராவது வேண்டும். பெரியம்மாவுடையது 5ஆம் தலைமுறை ஐ3. கீபோர்டில் ஒரு எழுத்துக்கூடத் தேயவில்லை. திரையில் ஒரு கீறல் இல்லை. அப்படியொரு பொருளைத்தான் தூக்கிப் போடச் சொல்கிறார்கள்.

2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியது நம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். பிறகு கொஞ்சம் இறங்கியது, ஆனால் பழைய இடத்துக்குத் திரும்பவே இல்லை. ஓய்வூதியத்தில் வாழும் ஒருவருக்குப் புது லப்டொப் என்பது சின்ன விஷயமா?

பெரியம்மா அதை ஒரு கடைக்குக் கொண்டுபோயிருக்கிறார். அந்த டிபிஎம், ப்ரொசெசர் சோதனையைத் தாண்டி விண்டோஸ் 11 போட்டுத் தருகிறோம், லைசன்ஸ் எல்லாம் தேவையில்லை, காசு கட்டாமல் ஓடவிடும் கிராக் இருக்கிறது என்றார்களாம். "வைரஸ் கார்டை மட்டும் ஓஃப் பண்ணி வைச்சிருங்கோ அன்ரி, இல்லாட்டி அது கிராக்கை அழிச்சுப்போடும்." வைரஸைத் தடுக்கும் மென்பொருளையே நிறுத்தச் சொன்னதைக் கேட்டபோது எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. பெரியம்மா வங்கிக் கணக்குப் பார்ப்பது அந்த லப்டொப்பில். வாசல் கதவைக் கழற்றி வைத்துவிட்டுத் தூங்குங்கள் என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

அதனால்தான் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை, அதில் மிண்ட் என்ற வகையைப் போடுவோம் என்றேன். 3 ஜிபிக்குக் கொஞ்சம் குறைவான ஃபைல். இரவு டேட்டாவில் இறக்கிப் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு போனேன். லினக்ஸில் எனக்கு மிகவும் பிடித்த விஷயமே இதுதான். லப்டொப்பில் எதையும் அழிக்காமல், பென் டிரைவிலிருந்தே ஓடவிட்டுப் பார்க்கலாம். பெரியம்மாவை ஒரு மணி நேரம் அப்படி இருக்கவிட்டேன். கீழே இடது மூலையில் மெனு, வலது மூலையில் நேரம், வைபை. பயர்பொக்ஸைத் திறந்தார், யூடியூபில் திருப்புகழ் கேட்டார், வட்ஸ்அப் வெப்பில் மகனுக்கு ஒரு செய்தி அனுப்பினார். "முந்தின மாதிரித்தானே இருக்குது தம்பி, என்னத்தை மாத்தினாய்?" என்று கேட்டார்.

அன்றைக்கே படங்களையெல்லாம் வேறொரு டிஸ்கில் கொப்பி எடுத்துவிட்டு, எஸ்எஸ்டி என்ற வேகமான டிஸ்க் ஒன்றையும் வாங்கிப் போட்டு, மிண்டை நிறுவினேன். லப்டொப் இப்போது வேகமாக ஓடுவதற்குப் பாதிக் காரணம் அந்த எஸ்எஸ்டி. அதை மறைத்து முழுப் புகழையும் லினக்ஸுக்குக் கொடுப்பது சரியில்லை.

இரண்டாவது நாள் அழைப்பு வந்தது. பழைய மாணவிகள் சங்கத்தின் கூட்டக் குறிப்பைத் திறந்தால் ஒரு எழுத்தும் விளங்கவில்லையாம். போய்ப் பார்த்தேன். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு. இலங்கையில் தமிழ் தட்டச்சு செய்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை: அந்த எழுத்துரு கணினியில் இல்லாவிட்டால் ‘அம்மா’ என்ற சொல் எம், கே, ஒரு அரைப்புள்ளி, கே, எச் என்று தெரியும். விண்டோஸிலும் பாமினி போடாவிட்டால் இதே கதிதான். பழைய டிஸ்கிலிருந்து பாமினி ஃபைலை எடுத்து இரண்டு தரம் கிளிக் செய்து, நிறுவு என்ற பொத்தானை அழுத்தினேன். வேர்டுக்குப் பதிலாக மிண்டில் இருக்கும் லிப்ரே ஒபிஸை மூடித் திறந்ததும் குறிப்பு ஒழுங்காக வந்துவிட்டது. எல்லாக் கணினியிலும் தெரியும் யூனிகோடில் எழுத, ஐபஸ் என்ற தட்டச்சுக் கருவி வழியாகத் தமிழ் விசைப்பலகையையும் சேர்த்துக் கொடுத்தேன். அதில் தமிழ்99 இருக்கிறது, நம் ரெங்கநாதன் விசைப்பலகையும் இருக்கிறது. பாமினிக்குப் பழகிய விரல்களுக்கு ரெங்கநாதன் கிட்டத்தட்டப் பழைய வீடுதான்.

பிரிண்டர்தான் ஒரு மாலை நேரத்தைத் தின்றது. வயரைச் செருகியதும் டிரைவர் சிடி எதுவும் இல்லாமலே அச்சடித்தது. ஸ்கேன் மட்டும் வரவில்லை. தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் தேடி, லினக்ஸுக்கான பொதியை இறக்கிப் போட்ட பிறகுதான் வேலை செய்தது. கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டேர்மினல் என்ற கறுப்புத் திரையை அன்றைக்குத்தான் திறந்தேன். பெரியம்மா இன்றுவரை அதைப் பார்த்ததே இல்லை.

நான் சொல்ல வந்தது இந்த இடத்தில்தான் இருக்கிறது. அந்த மாலை நான் அங்கே இல்லாவிட்டால் பெரியம்மா என்ன நினைத்திருப்பார்? லினக்ஸ் சரிவராது, ஸ்கேன் பண்ணக்கூட ஏலாது என்றுதான். விண்டோஸில் இதைவிட எவ்வளவோ தொல்லைகளை அவர் பட்டிருக்கிறார். வேலைக்கு நடுவில் அப்டேட் வந்து அரை மணி நேரம் காத்திருந்திருக்கிறார். ஒரு மென்பொருளை இறக்கப் போய், நான்கு போலி டவுன்லோட் பொத்தான்களில் தவறானதை அழுத்தி, பிரவுசர் முழுக்க விளம்பரமாகியிருக்கிறது. ஒரு நாளும் அவர் விண்டோஸ் கஷ்டம் என்று சொன்னதில்லை. ஏனென்றால் தெருமுனையில் ஒரு கடை இருக்கிறது, கடையில் ஒரு தம்பி இருக்கிறார், கொடுத்தால் மறுநாள் சரியாக்கித் தருவார். விண்டோஸ் சுலபம் என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு அந்தத் தம்பியின் உழைப்பு. பம்பலப்பிட்டியில் கணினிக் கடைகள் நிறைந்த யுனிட்டி பிளாசாவில் மாடி மாடியாக ஏறி இறங்குங்கள், விண்டோஸ் போட்டுத் தர எத்தனையோ பேர் இருக்கிறார்கள். மிண்டோ, உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸோ போட்டுத் தாருங்கள் என்று நான் கேட்ட கடைகளில் ஒருவர்கூடச் சரி என்று சொல்லவில்லை.

மென்பொருள் நிறுவுவது, அப்டேட் செய்வது என்று பார்த்தால் மிண்டில் வேலை குறைவு. ஃபோனில் இருப்பதுபோல ஒரே இடத்தில் தேடி நிறுவலாம். எல்லாவற்றுக்கும் அப்டேட் ஒரே இடத்தில் வருகிறது, எப்போது செய்வது என்று நாம் தீர்மானிக்கலாம். பெரியம்மா ஞாயிறு பூசை முடிந்து வந்து செய்கிறார்.

கொழும்புக்கு இதெல்லாம் அந்நியமும் இல்லை. 2004 சுனாமி அடித்த கையோடு இங்கிருந்த தன்னார்வலர்கள், லினக்ஸைப் போலவே யாரும் பாவிக்கவும் மாற்றவும் கூடிய கட்டற்ற மென்பொருளாக ‘சஹானா’வை எழுதினார்கள். காணாமல் போனவர்களைப் பதிவு செய்யவும், முகாம்களையும் உதவிப் பொருட்களையும் ஒழுங்குபடுத்தவும் அது உதவியது. பிறகு 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2010 ஹெயிட்டி நிலநடுக்கத்திலும் பயன்பட்டது. அப்படியொன்றைச் செய்த ஊரில், ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியைக்கு நேர்மையான மென்பொருள் போட்டுக் கொடுக்க ஆள் தேட வேண்டியிருப்பது எனக்கு மனவருத்தம்.

எல்லோரும் மாறுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஃபோட்டோஷொப்பில் கல்யாண அல்பம் செய்பவருக்கு, பேஜ்மேக்கரில் நினைவுமலர் வடிவமைக்கும் அச்சகத்துக்கு, மக்ரோ நிறைந்த எக்செல் ஃபைல்களை நாள் முழுக்கப் பார்க்கும் கணக்காளருக்கு இது சரிவராது. அவர்கள் விண்டோஸிலேயே இருக்கட்டும், ஆனால் காசு கொடுத்து வாங்கிய விண்டோஸில். வேர்டில் லதா எழுத்துருவில் செய்த ஆவணத்தை லிப்ரே ஒபிஸில் திறந்தால் வரிகள் இடம் மாறும், அட்டவணை அடுத்த பக்கத்துக்கு ஓடும். சில லப்டொப்களில் வைபை முதலில் வேலை செய்யாது. அப்போது ஃபோனை யூஎஸ்பி வயரால் செருகி அதன் இணையத்தில் டிரைவரை இறக்க வேண்டும். முதல் தடவை இதைத் தனியாகச் செய்யச் சொன்னால் யாருக்கும் பயம் வரும். பக்கத்தில் ஒருவர் இருந்தால் பத்து நிமிட வேலை.

அந்த ஒருவராக நான் இருக்கிறேன். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளைப் பக்கம் யாருக்காவது விண்டோஸ் 11 ஏறாத பழைய லப்டொப் இருந்தால் கொமென்டில் சொல்லுங்கள். 4 ஜிபி ரெம் இருந்தால் போதும். ஞாயிறு பின்னேரங்களில் எனக்கு நேரம் இருக்கிறது, காசு வேண்டாம். முதலில் பென் டிரைவில் ஓடவிட்டுப் பார்ப்போம், பிடிக்காவிட்டால் அப்படியே திருப்பிக் கொண்டுபோகலாம். வரும்போது சார்ஜரை மறக்காதீர்கள், படங்களை வேறெங்காவது கொப்பி எடுத்துவிட்டு வாருங்கள். கடை வைத்திருக்கும் தம்பிமார் யாராவது பழக விரும்பினால் அவர்களும் வாருங்கள், எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லித் தருகிறேன்.